ஆறு மீட்டர்தானே என்பவர்களுக்கு

கடலடி ஆய்வுக்கு மாணவர்களை ஸ்கூபா கட்டி இறக்கும் துறைகளில் ஒரு கருத்து ஆழமாக ஊன்றியிருக்கிறது. அதை அவர்கள் சொல்கிறபடியே எடுத்து வைக்கிறேன். மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகள் பெரும்பாலும் ஆறு மீட்டருக்குள் கிடக்கின்றன. அந்த ஆழத்தில் என்ன ஆகிவிடும்? தூத்துக்குடிக் கரையில் தலைமுறை தலைமுறையாக முத்தும் சங்கும் குளித்தவர்கள் எந்தக் கையேட்டைப் படித்தார்கள்? மாணவரிடம் டைவிங் அட்டை இருக்கிறது, கூடவே அனுபவப்பட்ட டைவ் கடைக்காரர் வருகிறார், பெற்றோர் கையெழுத்திட்ட உறுதிமொழிக் கடிதம் கோப்பில் இருக்கிறது. இதற்கு மேல் கட்டுப்பாட்டுக் குழு, பாதுகாப்பு அலுவலர், மருத்துவச் சான்று, பதிவேடு என்று கேட்பது பணக்கார நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குச் சரி. இங்கே திணித்தால் ஆய்வே நின்றுபோகும். இதைச் சொல்பவர்கள் பொறுப்பற்றவர்கள் அல்லர். சொற்பப் பணத்தில், வாடகைப் படகில், வருடக்கணக்காகக் கடலில் இறங்கியவர்கள். 2010இலும் 2016இலும் பவளங்கள் வெளுத்தபோது எவ்வளவு செத்தது, எவ்வளவு பிழைத்தது என்று நமக்குத் தெரிவது அப்படி இறங்கியவர்களால்தான். ஆனாலும் அவர்கள் வாதத்தின் ஒவ்வொரு கண்ணியும் தவறு. எல்லாத் தவறுக்கும் வேர் ஒன்றே: பாதுகாப்பு என்பது காகித வேலை என்று நினைப்பது. “இன்று இறங்க வேண்டாம்” என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவருக்கு அந்த டைவால் ஏதாவது ஆதாயம் உண்டா என்பதே பாதுகாப்பின் முதல் கேள்வி.

முதல் மறுப்பு ஆழத்தைப் பற்றியது. ஆறு மீட்டரில் என்ன ஆகும்? நைட்ரஜன் குமிழால் வரும் பெண்ட்ஸ் அந்த ஆழத்தில் அநேகமாக வராது. அதுவரை அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் ஸ்கூபாவின் ஆபத்து அது ஒன்றுதான் என்று யார் சொன்னது? கடலில் பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆறு மீட்டரில் 1.6 மடங்கு. அங்கே ஐந்து லிட்டர் காற்றை நுரையீரல் நிறைய இழுத்து, மூச்சைப் பிடித்தபடி மேலே வந்தால், அந்தக் காற்று எட்டு லிட்டராக விரியப் பார்க்கும். முப்பது மீட்டரிலிருந்து இருபத்துநான்குக்கு ஏறினால் அதே ஆறு மீட்டரில் விரிவு 18 விழுக்காடுதான். ஆறிலிருந்து பரப்புக்கு வந்தால் 60 விழுக்காடு. அதாவது மிகக் கொடிய ஆறு மீட்டர், மேலே இருக்கும் ஆறு மீட்டர்தான். ஒன்றரை மீட்டருக்கும் குறைந்த ஏற்றத்திலேயே நுரையீரல் கிழிந்து, காற்றுக்குமிழ் ரத்தக்குழாய் வழியாக மூளைக்குப் போன நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. பதறியவர் செய்யும் முதல் காரியமே மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்வதுதான். ஆழம் குறைந்த இடத்தில் வெளிச்சம் கண்ணுக்குத் தெரிவதால் அந்தப் பாய்ச்சல் இன்னும் சீக்கிரம் நடக்கும்.

அப்படிப் பதற வைப்பது எது என்பதற்கும் பதில் உண்டு. பொழுதுபோக்கு டைவிங்கில் நேர்ந்த 947 மரணங்களை ஆராய்ந்த ஒரு அமெரிக்க ஆய்வு 2008இல் வெளியானது. தொடக்கக் காரணத்தைக் கண்டறிய முடிந்தவற்றில் 41 விழுக்காடு காற்று போதாமல் போனதால் தொடங்கியவை. 20 விழுக்காடு எதிலாவது சிக்கிக்கொண்டதால். இரண்டுமே ஆழத்தைக் கேட்டு வருவதில்லை. இனி ஆய்வு மாணவர் கடலடியில் செய்யும் வேலையைப் பாருங்கள். இருபது மீட்டர் நாடாவைப் பவளத்தின் மேல் நீட்டிக் கட்டியிருக்கிறார். ஒரு கையில் எழுதுபலகை, நூலில் தொங்கும் பென்சில், தோளில் கேமரா. நாடாவின் கீழே எந்த இனம், எத்தனை சென்டிமீட்டர் என்று குறித்தபடி நகர்கிறார். கண் நாடாவில் இருக்கிறது. காற்றளவு காட்டும் மானி இடுப்புப் பக்கம் தொங்குகிறது. சாதாரண அலுமினிய சிலிண்டரில் 200 பாரில் சுமார் 2,200 லிட்டர் காற்று. 50 பாரைக் கையிருப்பாக ஒதுக்கி, நிமிடத்துக்கு இருபது லிட்டர் சுவாசிப்பவருக்கு ஆறு மீட்டரில் சுமார் 52 நிமிடம் கிடைக்கும். நீரோட்டத்தை எதிர்த்து நாடாவைப் பிடித்து வேலை செய்பவர் முப்பது லிட்டர் இழுத்தால் 35 நிமிடம். சுற்றிப் பார்க்கப் போனபோது ஐம்பது நிமிடம் தாங்கிய சிலிண்டர் இன்றும் தாங்கும் என்று நம்பி அவர் நாடாவின் கடைசி மூன்று மீட்டரை முடிக்கப் பார்ப்பார். அந்தக் கையிருப்பை இருவர் பகிர்ந்து, பதற்றத்தில் ஆளுக்கு நாற்பது லிட்டர் இழுத்தால் நாலே நிமிடம். இந்தக் கணக்கைப் படகில் ஏறும் முன் ஒருவர் உட்கார்ந்து போட்டாரா என்பதுதான் கேள்வி. ஆறா பதினாறா என்பது அதற்குப் பிறகு வரும் விஷயம்.

இரண்டாவது, முத்துக்குளித்தவர்களைச் சாட்சிக்கு அழைப்பது. இதைப் போல அவர்களை அவமதிக்கும் வாதம் வேறில்லை. மூச்சடக்கிக் குளிப்பவர் மேலே இழுத்த காற்றோடுதான் கீழே போகிறார். இறங்கும்போது அது சுருங்குகிறது, ஏறும்போது பழைய அளவுக்குத் திரும்புகிறது. அதைத் தாண்டி விரிய வழியில்லை. ஸ்கூபாக்காரர் கீழேயே அழுத்தமான காற்றைச் சுவாசிக்கிறார். வாயில் குழாயை வைத்த நொடியே அவர் வேறொரு இயற்பியலுக்குள் போய்விட்டார். முன்னவரின் தைரியம் பின்னவரின் நுரையீரலைக் காப்பாற்றாது. இது பாதிதான். முத்துக்குளித்தலில் விதியே இல்லை என்பது சுத்தப் பொய். அந்த வளைகுடாவில் அதைப் போலக் கட்டுப்பாட்டோடு நடந்த தொழில் குறைவு. கல்லைக் கட்டி இறங்குபவரின் கயிற்றை மேலே ஒருவர் கையிலிருந்து விடாமல் பிடித்திருப்பார். அவருக்கு வேறு வேலை கிடையாது. இருவர் மாறி மாறி இறங்குவார்கள்; ஒருவர் மூழ்கும்போது இன்னொருவர் ஓய்வெடுப்பார். பார் எனப்படும் எந்த முத்துப்படுகையில், எத்தனை நாள் என்பதை அரசு அறிவிக்கும். நேரம் முடிந்ததென்று வெடிச் சத்தம் கேட்டதும் படகுகள் திரும்ப வேண்டும். சுறாவைக் கட்டும் கடல்கட்டி கரையில் மந்திரம் சொல்லாமல் குளியாளிகள் இறங்க மாட்டார்கள். காலனி அரசே அவருக்குக் கூலி கொடுத்தது. அவருடைய முன்னோருக்கு முத்தில் இருபதில் ஒரு பங்கு போனதாக மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். மந்திரத்தில் உங்களுக்கு நம்பிக்கை வேண்டாம். “இன்று கடல் சரியில்லை” என்று சொன்னால் எல்லாப் படகையும் நிறுத்தக்கூடிய, குளிக்க இறங்காத ஒரு மனிதர் கரையில் இருந்தார் என்பதைக் கவனியுங்கள். 1961இல் தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. அந்தக் காலத்தையொட்டி, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் அதே பார்களில் ஸ்கூபாவோடு இறங்கி அடித்தளத்தை ஆராய்ந்தார்கள். அறுபது வருடம் கழித்தும் நம் ஆய்வுப் படகில் கயிறு பிடிப்பவருக்கும் கடல்கட்டிக்கும் ஈடான ஆள் இல்லையென்றால், மரபை மீறியது நாம்தான்.

அட்டை இருக்கிறதே என்பது மூன்றாவது வாதம். என்ன அட்டை? பெரும்பாலான மாணவர்கள் கையில் இருக்கும் தொடக்கநிலைச் சான்று, கடலில் நாலு டைவ் செய்ததற்குக் கிடைத்தது. பதினெட்டு மீட்டருக்குள், நல்ல வானிலையில், துணையோடு சுற்றிப் பார்க்கலாம் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. கார் லைசென்ஸ் வைத்திருப்பவரிடம் ஏற்காடு மலைப்பாதையில் பயணிகள் பேருந்தைக் கொடுத்து, இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறும்போதே டிக்கெட்டும் கிழி என்று சொல்வதற்கு ஒப்பானது அந்த அட்டையோடு நாடா பிடிக்க அனுப்புவது. அமெரிக்க நீரடி அறிவியல் கழகத்தின் விதிப்படி அறிவியல் டைவராக வேண்டுமானால் நூறு மணி நேரப் பயிற்சியும் குறைந்தது பன்னிரண்டு கடல் டைவும் வேண்டும். பிறகு ஆண்டுக்குப் பன்னிரண்டு டைவாவது செய்து அனுபவத்தைத் தக்க வைக்க வேண்டும். ஒவ்வொரு ஆழ வரம்புக்கும் தனி அனுமதி. டைவ் கடைக்காரரின் அனுபவம் இதை ஈடுகட்டும் என்பார்கள். அனுபவம் மட்டும் போதுமென்றால் கொன்ராட் லிம்பா இறந்திருக்கக் கூடாது. கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தில் தலைமை டைவராக இருந்து, அமெரிக்கப் பல்கலைக்கழக டைவிங் பயிற்சிக்கே அடித்தளம் போட்டவர் அவர். 1960இல் பிரான்சின் தென்கரையில் ஒரு நீரடிக் குகைக்குள் வழி தவறி உயிரிழந்தார்.

இந்த மூன்றாவது வாதத்தின் மிகப் பெரிய ஓட்டை கடலில் இல்லை, மலையில் இருக்கிறது. கடற்கரைத் துறைகள் இதை யோசிப்பதேயில்லை. சேலம், கோவை போன்ற உள்நாட்டுக் கல்லூரிகளுக்கோ இது யோசிக்க வேண்டிய விஷயமென்றே தெரியாது. ஏற்காட்டை அடுத்து, சேர்வராயன் மலையில் இருக்கும் மஞ்சக்குட்டையிலிருந்து விலங்கியல் படிக்கப் போன ஒரு மாணவியை வைத்துக்கொள்வோம். துறை ஏற்பாட்டில் புதுச்சேரியில் சனி, ஞாயிறு இரண்டு நாள் பயிற்சி. அட்டை அனுமதிக்கும் பதினெட்டு மீட்டர் வரை. ஞாயிறு நண்பகலில் கடைசி டைவ் முடிகிறது. மூன்று மணிக்கு விழுப்புரம், கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியாகப் பேருந்து. சுமார் இருநூறு கிலோமீட்டர். இரவு எட்டரைக்குள் சேலம். அதுவரை பிரச்சினையில்லை, சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்குள்தான். அண்ணன் பைக்கில் வந்து ஏற்றிக்கொண்டு மலையேறினால் பத்து மணிக்கு வீடு. ஏற்காட்டின் உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கரையில் இருப்பதில் 84 விழுக்காடுதான். பல நாள், பல டைவ் செய்தவர் விமானம் ஏறப் பதினெட்டு மணி நேரம் பொறுக்க வேண்டும், ஒரே டைவ் என்றால் பன்னிரண்டு என்று டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் சொல்கிறது. அந்த அறிவுரை எழுதப்பட்டது சுமார் 600 முதல் 2,400 மீட்டர் வரையான உயரத்துக்கு இணையான விமான அறை அழுத்தத்துக்கு. சேர்வராயன் மலை அதற்குள் வசதியாக அடங்குகிறது. நம் மாணவி காத்திருந்தது பத்து மணி நேரம். விமானத்தில் போகிறாயா என்று கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பாள், உண்மையும் அதுதான்.

இதனால் அவளுக்குக் கட்டாயம் பெண்ட்ஸ் வரும் என்று சொல்லவில்லை, பெரும்பாலும் வராது. வந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். தோள்மூட்டில் வலி, தோலில் அரிப்பு, விரல்களில் மரமரப்பு, அளவுக்கு மீறிய சோர்வு. பை தூக்கிய வலி, கடல் உப்பு, மலைக்குளிர், பயணக் களைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் வீட்டிலேயே ஒரு விளக்கம் கிடைத்துவிடும். தைலம் தேய்த்துப் படுக்க வைப்பார்கள். காலையில் மருத்துவரிடம் போனாலும், முந்தின நாள் கடலுக்கடியில் இருந்தாள் என்று யாரும் சொல்லாதவரை அவருக்கும் தோன்றாது. அவளுக்குத் தேவை உடனடியாக ஆக்ஸிஜன், உடனடியாகக் கீழே இறங்குவது, பிறகு அழுத்த அறை. பயணத்துக்கு முன் துறை வாங்கிய படிவத்தில் ரத்த வகை கேட்டிருக்கும், சைவமா அசைவமா என்று கேட்டிருக்கும். டைவ் முடிந்து எங்கே போகிறாய், அந்த ஊரின் உயரம் என்ன என்று கேட்டிருக்குமா? இந்த ஒரு வரியைச் சேர்க்க ஒரு ரூபாய் செலவில்லை. ஆனால் அதைச் சேர்க்கத் தெரிந்த ஒருவர் துறையில் இருக்க வேண்டும். எதிர்த்திசையிலும் இதே அறியாமைதான். மலைமேல் உள்ள ஏரியில் மாதிரி எடுக்க ஸ்கூபா கட்டி இறங்கினால் கடல்மட்ட அட்டவணை செல்லாது. அங்கே பத்து மீட்டர் என்பது கணக்குக்குப் பன்னிரண்டு மீட்டர்.

நான்காவது, அந்த உறுதிமொழிக் கடிதம். “எது நடந்தாலும் நிறுவனம் பொறுப்பல்ல” என்ற வரியில் யாருடைய பயம் இருக்கிறது? மாணவருடையது அல்ல. கடிதம், சிலிண்டரை நிரப்பும் கம்ப்ரஸருக்குள் போகும் காற்றைச் சுத்தப்படுத்தாது. படகு எஞ்சினின் புகை காற்றோடு திரும்பி உறிஞ்சு குழாயின் வாயில் நுழைந்தால் சிலிண்டரில் கார்பன் மோனாக்சைடு ஏறும். அதற்கு வாடையே கிடையாது. சட்டத்தின் முன்னாலும் அந்தக் காகிதம் மெலிந்தது. அலட்சியத்தால் மரணம் விளைவித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு இருக்கிறது. அப்பா போட்ட கையெழுத்து ஒரு குற்றத்தை அழித்துவிடாது. இதைவிட மோசம், கடிதம் உண்மையான கேள்வியை மறைத்துவிடுகிறது. படகில் இருப்பவர்களை எண்ணுங்கள். நெறியாளருக்குத் தரவு வேண்டும். மார்ச், ஏப்ரலில் கிடைக்கும் கடல் அமைதி போனால் அடுத்த வருடம்தான். கடைக்காரருக்கு டைவ் கணக்கில் கூலி. படகோட்டிக்கு நாள் கணக்கில் வாடகை. மாணவருக்கோ ஆய்வேடு நெறியாளர் கையில் இருக்கிறது; சைனஸ் அடைத்திருக்கிறது, இரவு தூங்கவில்லை என்று அவர் வாய் திறப்பாரா? அந்தப் படகில் “வேண்டாம்” என்று சொல்லி எதையும் இழக்காதவர் ஒருவர்கூட இல்லை. பாதுகாப்பு அலுவலர் என்ற பதவி இதற்குத்தான். அவருக்கு அந்த ஆய்வில் பெயரும் இருக்கக் கூடாது. ஒரு துறையின் டைவ் பதிவேட்டைப் புரட்டும்போது எத்தனை டைவ் என்று பார்ப்பதைவிட, எத்தனை நாள் கரை வரை போய்த் திரும்பினார்கள் என்று பார்ப்பது பயன்தரும். அப்படி ஒரு வரிகூட இல்லையென்றால் கடல் எப்போதும் நன்றாக இருந்தது என்று அர்த்தமில்லை.

கடைசி வாதம்தான் மிகவும் செல்வாக்கானது: இதெல்லாம் வெள்ளைக்காரன் விதி, நமக்குக் கட்டுப்படியாகாது, ஆய்வு செத்துப்போகும். வரலாறு நேர்மாறாக இருக்கிறது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பு வணிக டைவிங்குக்குக் கடும் விதிகள் கொண்டுவந்தபோது பல்கலைக்கழகங்களும் அதில் மாட்டிக்கொண்டன. எண்ணெய்க் குழாய் பற்றவைப்பவருக்கான விதி, மீன் எண்ணுபவருக்கு. விஞ்ஞானிகள் எதிர்த்தார்கள், 1982இல் விலக்கு கிடைத்தது. எதைக் காட்டி வாங்கினார்கள்? தாங்களே முன்பே எழுதி, பல பத்தாண்டுகள் கடைப்பிடித்த கையேடுகளையும் பாதுகாப்புப் பதிவுகளையும் காட்டி. விலக்குக்கு நிபந்தனையும் இருந்தது: டைவ் செய்பவர்களே பெரும்பான்மையாக உள்ள கட்டுப்பாட்டுக் குழு, அதற்கு யாரும் தலையிட முடியாத முழு அதிகாரம். ஆக, விதி அங்கே ஆய்வைக் கொல்லவில்லை. ஆய்வுக்குக் கேடயமாக நின்றது. பலனும் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. 1998 முதல் 2007 வரை அமெரிக்க நீரடி அறிவியல் கழகத்தின் உறுப்பு நிறுவனங்கள் செய்த பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட டைவ்களில் அழுத்த நோய் வந்தது 33 பேருக்கு. டைவிங் ஆபத்து, தடைசெய்து விடலாம் என்று நினைக்கும் நிர்வாகிகளுக்கும் இந்த எண்தான் பதில். எதையும் கேட்காமல் அனுப்புவதும், ஒரு விபத்து நடந்த மறுநாள் எல்லா டைவையும் நிறுத்திச் சுற்றறிக்கை விடுவதும் ஒரே மனநிலைதான். ஆபத்தைக் கையாள முடியும் என்று இரண்டு தரப்பும் நம்பவில்லை.

அந்த விலக்கில் நாம் உற்றுப் பார்க்க வேண்டிய இன்னொரு கோடும் உண்டு. பார்ப்பது, பதிவது, மாதிரி எடுப்பது ஆகியவற்றுக்குத்தான் அது பொருந்தும். கட்டுமான வேலைக்குப் பொருந்தாது. நம் கடலில் இப்போது பவளம் நடுவதும் செயற்கைப் பாறைத்திட்டு இறக்குவதும் பெருகி வருகின்றன. கான்கிரீட் சட்டத்தைக் கயிற்றில் இறக்கி அடித்தளத்தில் நிறுத்துவது கணக்கெடுப்பு அல்ல. தலைக்கு மேல் பளு தொங்கும் கட்டட வேலை. நல்ல நோக்கம் பளுவைக் குறைக்காது. அந்த வேலைக்கு நாடா பிடிக்கும் முனைவர் பட்ட மாணவர்களை இறக்கலாமா என்பதைத் தனியே தீர்மானிக்க வேண்டும், என் பார்வையில் கூடாது.

பணத்துக்கு வருவோம். ஒவ்வொரு துறையும் தனக்கென்று குழு வைக்கத் தேவையில்லை. பரங்கிப்பேட்டை, தூத்துக்குடி, புதுமடம் என்று கரையோரம் இருக்கும் கடல்சார் துறைகள் சேர்ந்து ஒரே கட்டுப்பாட்டுக் குழுவும் ஒரே கையேடும் வைத்துக்கொள்ளலாம். உள்நாட்டுக் கல்லூரிகள் தங்கள் மாணவர்களை அதன் வழியாக மட்டும் அனுப்பலாம். மருத்துவப் பரிசோதனையை அரசு மருத்துவக் கல்லூரியில் செய்துகொள்ளலாம். அழுத்த அறையைச் சொந்தமாக வாங்கச் சொல்லவில்லை. எது கிட்டத்தில் இருக்கிறது, அங்கே டைவருக்குரிய ஐந்து மணி நேரச் சிகிச்சை தருவார்களா, இரவில் இயக்க ஆள் உண்டா என்று புறப்படும் முன் கேட்டு எழுதி வைக்கச் சொல்கிறேன். சர்க்கரை நோயாளியின் கால்புண்ணுக்காக வைத்திருக்கும் அறை, நள்ளிரவில் வரும் டைவரை ஏற்கும் என்று எண்ணிக்கொண்டு போகக் கூடாது. மிச்சம் இருப்பது படகில் ஒரு ஆக்ஸிஜன் பெட்டி, அதைக் கொடுக்கப் பழகிய இருவர், தண்ணீருக்குள் இறங்காமல் பெயர்களையும் நேரத்தையும் குறித்தபடி மேலே இருக்கும் ஒருவர். திட்ட விண்ணப்பத்தில் படகு வாடகைக்கும் கேமராவுக்கும் வரி எழுதுகிறோம். அதன் கீழே இவற்றுக்கும் ஒரு வரி எழுதி, நிதி நிறுவனம் அதை அடித்துத் திருப்பி அனுப்பிய பிறகு, கட்டுப்படியாகவில்லை என்று சொல்லலாம்.